எசமான் பிழைத்துக்கொண்ட வாரம்

நெகாவால் என்றால் விட்டுச் செல்லப்பட்டவள் என்று பொருள். அவள் வயிற்றில் இருந்தபோதே தகப்பனை ஆறு கொண்டுபோய்விட்டது. அதனால் தாய் அந்தப் பெயரை வைத்தாள். அவர்கள் ஊரான ஷொசித்லாவில் இதையெல்லாம் யாரும் அபசகுனமாக நினைப்பதில்லை. நடந்ததைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது கடல் தாண்டி வந்த கஸ்தில்காரர்கள் ஆற்றின் அக்கரையில் கூடாரம் போட்டார்கள். சண்டை வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். நாற்பது பேர் தேன் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்னால் நடந்தால் வந்தவர்களுக்குப் பயம் வராது என்று சொல்லி அவர்களை முன்னால் விட்டார்கள். குதிரைமேல் இருந்த ஒருவன் ஒரு காகிதத்தை அவன் பாஷையில் உரக்கப் படித்தான். ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. அவன் படித்து முடிப்பதற்குள் கயிறுகளை எடுத்துவிட்டார்கள். பானைகளை மட்டும் உடையாமல் பத்திரமாக இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் கொல்லன் உலையில் இரும்பு பழுத்தது. வலக் கன்னத்தில் ஓர் எழுத்து. போரில் பிடிபட்டவர் என்று அதற்கு அர்த்தம் என்பது பல வருஷம் கழித்துத்தான் நெகாவாலுக்குத் தெரிந்தது. சின்னப் பெண்ணின் கன்னத்தில் சின்னதாக விழுந்த அந்த எழுத்து அவள் வளர வளரத் தானும் வளர்ந்தது. முப்பத்துமூன்று வயதில் அது காதோரத்திலிருந்து வாயோரம் வரை நீண்டிருந்தது.

சாந்த மார்த்தா என்ற மலையூரில் லோப்பே தெ அரியாசா என்பவரின் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தாள். ஞானஸ்நானம் கொடுத்து ஆனா என்று பெயரிட்டார்கள். விடிவதற்குமுன் எழுந்து மக்காச்சோளம் அரைக்க வேண்டும், அடை தட்ட வேண்டும், பகலில் தறியில் உட்கார வேண்டும். அவளைப் போல இன்னும் ஒன்பது பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். பதினேழாம் வயதில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தெய்கூ என்று பெயர் வைத்தாள். தகப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை. குழந்தையின் சாம்பல் நிறக் கண்களையும் லோப்பே அரியாசாவின் கண்களையும் பார்த்தவர்கள் கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அடிமை வயிற்றில் பிறந்ததும் அடிமை என்பது சாந்த மார்த்தாவில் எழுதாத சட்டம். தெய்கூவையும் சேர்த்துப் பதினொரு பேர்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் போயிற்று. அதன் பிறகுதான் வெள்ளை அங்கி போட்ட மூன்று சாமியார்கள் மலையேறி வந்தார்கள்.

அவர்களுக்குக் குதிரை இல்லை. செருப்புத் தேய்ந்து கால் வெடித்திருந்தது. ஊர்க்காரர்கள் ஓடிப்போய் வரவேற்றார்கள். பூசை வைக்க, பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்க, சாகிறவர்களுக்கு அவஸ்தை எண்ணெய் பூச ஆள் இல்லாமல் தவித்த ஊர் அது. ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய களஞ்சியத்தை மடமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். லோப்பே அரியாசா தன் பங்குக்குத் தினமும் ஒரு கூடை அடை அனுப்பச் சொன்னார். நெகாவால் கூடையைக் கொண்டுபோனாள்.

கதவைத் திறந்தவர் மார்சல் சாமி. நெட்டையானவர், காது பெரிது. அவள் பாஷையை ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாராம். முதல் நாள் கூடையைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வாக்கியத்துக்கு, "அம்மா, உங்களைச் சமைத்ததற்கு நன்றி" என்றுதான் அர்த்தம் வந்தது. நெகாவால் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த மனிதர் மரியாதைப் பன்மையில் பேசியிருக்கிறார். கஸ்தில்காரர் ஒருவர் அவளை 'நீங்கள்' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் பாஷை தேறிவிட்டது. ஒருநாள் கன்னத்தைக் காட்டி, எந்தப் போரில் பிடிபட்டீர்கள் என்று கேட்டார்.

"போரா? எங்க ஊர்ல வில்லு கூட முயலுக்குத்தான் சாமி. நாங்க தேன் கொண்டுபோனோம்."

அவள் முழுவதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முகம் போன போக்கு நெகாவாலுக்குப் பிடிக்கவில்லை. நல்லது செய்யப் போகிற முகம்தான். ஆனால் எப்போது செய்வார், யாரைக் கேட்டுச் செய்வார் என்பது அந்த முகத்தில் இல்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் நிலக்காரர்கள், அவர்கள் பின்னால் பெண்டுபிள்ளைகள், கதவோரத்தில் கன்னத்தில் எழுத்துள்ளவர்கள். மார்சல் சாமி பிரசங்கத்துக்கு ஏறினார். சத்தம் போடவில்லை. அடுப்படியில் பேசுகிற குரலில்தான் பேசினார்.

இந்த ஊரில் ஒருவருக்கும் இந்த வருஷம் பாவமன்னிப்புக் கிடையாது என்றார். போர் என்று பொய் சொல்லி முகத்தில் சூடு வைத்து வைத்திருக்கிற மனிதர்களை விடுதலை செய்கிறவரைக்கும் கிடையாது. திருடின பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவனுக்கு எந்தக் குருவும் மன்னிப்புக் கொடுக்க முடியாது. "தலையில் தேன் பானை வைத்துக்கொண்டு வந்தவர்களைக் கட்டினீர்கள். தேனையும் குடித்தீர்கள். அதன் பிறகு இங்கே வந்து நற்கருணை வாங்கினீர்கள். எந்த வாயால்?"

லோப்பே அரியாசா தலையைத் திருப்பி, மெதுவாக, கதவோரத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை நெகாவால்மேல் வந்து நின்றது. தேன் கதை யாருடையது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் கூடையோடு போனபோது வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"என் கதைய என்னக் கேக்காம எடுத்துட்டீங்களே சாமி."

"உங்க பேரைச் சொல்லலையே."

"பேரா? பேரு எதுக்கு? மூஞ்சியில எழுதியிருக்கே. நீங்க மேல ஏறி நின்னு பேசிட்டு எறங்கிட்டீங்க. நான் அந்த வீட்டுலதான் படுக்கணும், அந்த வீட்டுலதான் எந்திரிக்கணும். எம்பொண்ணும் அங்கதான் இருக்கா."

அவர் முகம் வெளுத்தது. சொன்னது சரிதான், நான் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு சாமியார் தன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நெகாவால் நினைத்திருக்கவில்லை. அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனாலும் கூடையைத் திருப்பிக் கொண்டுபோகாமல் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதுதான் கடைசிக் கூடை. அன்றைக்கு மத்தியானமே ஊர்ச்சபை கூடி, மடத்துக்கு யாரும் ஒரு பிடி மாவும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது. செவ்வாய்க்கிழமை மடத்துக் கதவில் ஒரு செத்த பருந்து தொங்கியது. வெள்ளிக்கிழமை அவர்கள் கிணற்றில் நாயின் உடல் மிதந்தது. இதையெல்லாம் செய்தவர்கள் யார் என்று யாரும் தேடவில்லை. தெருவில் சாமியார்கள் வந்தால் ஜன்னல் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. நெகாவாலை அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் அவள் வந்தால் பேச்சு நின்றது. லோப்பே அரியாசாவின் மகன் நூன்யோ மட்டும் அடுப்படி வாசலில் வந்து நின்று, அவள் அரைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு போய்விடுவான். அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சந்தையில் சோள மாவில் அவித்த தமால் விற்கும் ஷோக்கோ அவளுக்கு ஒருத்திதான் சிநேகிதி. கஸ்தில்காரர்களோடு கூட்டுச் சேர்ந்த தலஷ்கலா ஊர்க்காரி, அதனால் முகத்தில் எழுத்து இல்லாதவள், வாய் நீளமானவள்.

"அக்கா, ஒன்னோட சாமி மூணு நாளா ஆத்துல கீரை பறிக்கிறாரு," என்றாள் ஷோக்கோ. "அதுல பாதி வெசக்கீரை. சொல்லிக் குடுக்கலாம்னு போனேன். என்னையும் உக்கார வச்சு ஜெபம் பண்ணிட்டாரு. பசிச்சவன் ஜெபம் ரொம்ப நீளம்டி அம்மா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஷோக்கோ குரலைத் தாழ்த்தினாள். "கொல்லன் பட்டறையில சூடு வைக்கிற பழைய இரும்பத் தேடி எடுத்துத் தொடைச்சு வச்சிருக்காங்களாம். எதுக்குன்னு தெரியல. பொண்ண வெளிய அனுப்பாத."

தவக்காலத்தின் ஐந்தாம் வாரம், கோவிலில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்திய நாளில், லோப்பே அரியாசா படுத்தார். வயிற்றோட்டமும் காய்ச்சலும். நான்கு நாளில் கன்னம் ஒட்டி, உதடு கறுத்து, தண்ணீர்கூட நிற்காமல் போயிற்று. நாவிதன் வந்து இரத்தம் எடுத்தான். அதனால் இன்னும் மோசமானார். தவக்காலத்தின் கடைசியான பெரிய வாரத்துத் திங்கட்கிழமை காலையில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடி அழுதார். அவர் அழுது நெகாவால் பார்த்ததில்லை.

"சாமியக் கூப்பிடு," என்றார் மகனிடம்.

"அந்தப் பிச்சைக்காரனையா? அவன் வரமாட்டாம்ப்பா. வந்தாலும் மன்னிப்புக் குடுக்கமாட்டான்."

"கூப்பிடுடா! நரகத்துக்குப் போறது நீயா நானா?"

மார்சல் சாமி வந்தார். ஐந்து வாரப் பட்டினியில் அங்கி அவர்மேல் தொங்கியது. நூன்யோ கத்தியின் பிடியில் கை வைத்தபடி கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றான். சாமி அவனைப் பார்க்கவேயில்லை. படுத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, உங்களை விட்டுவிடவும் மனசில்லை, ஆனால் பதினொரு பேரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் போகிற இடத்தில் கதவு திறக்காது என்றார். பத்திர எழுத்தரைக் கூப்பிடச் சொன்னார்.

மத்தியானம் வெயில் முற்றத்தில் கொளுத்திக்கொண்டிருந்தபோது பத்திரம் எழுதியானது. லோப்பே அரியாசா ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பதினொன்றாவதாகத் தெய்கூவின் பெயரைச் சொல்லும்போது நிறுத்தி, ஏதோ சேர்க்கப்போகிறவர் போல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் போட்டார்கள். ஒரு பிரதி எழுத்தரின் புத்தகத்தில், ஒன்று சாமியிடம். அதன் பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சாமி பாவசங்கீர்த்தனம் கேட்டு, மன்னிப்புக் கொடுத்து, அவஸ்தை பூசினார்.

சவப்பெட்டிக்குப் பலகை அறுக்கும் சத்தம் பின்கட்டில் கேட்டது. வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அறையில் நெகாவால் மட்டும். அவர் கண்ணைத் திறந்து, "தண்ணி," என்றார்.

குடுக்கை அவள் கையிலேயே இருந்தது. கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாலைக்குள் முடிந்துவிடும். பத்திரம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதனுக்கு என்ன கதி வர வேண்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்ட இரவுகள் எத்தனையோ. அவள் நின்றாள். அவர் நாக்கு உதட்டைத் தடவியது. காய்ந்த தோல்மேல் காய்ந்த தோல் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, உப்பும் கொய்யா இலையும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எதற்காகக் கொடுத்தாய் என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். "தண்ணி கேட்டாரு," என்பாள்.

அந்தத் தண்ணீர் வயிற்றில் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவர் மூன்று கரண்டி சோளக்கஞ்சி குடித்தார். வீடே சந்தோஷப்பட்டது. புதன்கிழமை ஒரு கிண்ணம். பெரிய வியாழனன்று அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். பலகை அறுக்கும் சத்தம் நின்றுபோயிற்று. நெகாவால்தான் கஞ்சி காய்ச்சினாள், அவள்தான் ஊட்டினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் ஏறியது. அவர் எழுந்துவிட்டால் பத்திரம் நிற்காது என்று அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஒன்பது பேரும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கிணற்றடியில் ஒரு கிழவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மறுநாள் லோப்பே அரியாசா முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை நீட்டியவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆனா, நான் படுத்திருந்தப்ப என்னென்னமோ உளறினேனாமே?"

"பத்திரம் எழுதினீங்க எசமான்."

"யாரு, நானா?"

"கையெழுத்துப் போட்டீங்க."

"எந்தக் கையி?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். சிரித்தார். மெலிந்த முகத்தில் பற்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. "சாகப்போறவன் பேச்சு காத்தோட போற பேச்சு. எழுத்தரக் கேட்டுப் பாரு. அவர் புத்தகத்துல அப்படி ஒரு ஏடே இல்லையாம்."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒம்பொண்ணு நல்லா நெய்யிறாளாம்ல?" என்றார் அவர் பின்னாலிருந்து. "கீழ்நாட்டுல நெசவு தெரிஞ்ச ஆளுக்கு ரொம்ப அலையிறாங்க."

நெகாவால் ஓடவில்லை. ஓடினால் நூன்யோ பார்ப்பான். கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள் போலவே நடந்து, தெய்கூவை ஷோக்கோ வீட்டில் விட்டுவிட வேண்டும் என்று தறிக் கொட்டகைக்குப் போனாள். தறியில் பாதி நெய்த துணி இருந்தது. பெண் இல்லை. பக்கத்துத் தறிக்காரி தலையைத் தூக்காமல், "காலையிலயே," என்றாள்.

ஷோக்கோ பார்த்திருந்தாள். கோவேறு கழுதைகள் கீழ்நாட்டுக்குக் கிளம்பியபோது தெய்கூவும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரே கயிற்றில் நடந்தார்களாம். "நான் பக்கத்துல போயி ஒரு தமால் குடுத்தேங்கா. வாங்கிக்கிட்டா. அம்மாகிட்டச் சொல்லுங்கன்னா. என்ன சொல்லணும்னு கேக்குறதுக்குள்ள கழுதைக்காரன் இழுத்துட்டுப் போயிட்டான்."

நெகாவால் நேராக மடத்துக்குப் போனாள். கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் குதிரையில் நின்றிருந்தார்கள். நூன்யோ நடுவில். பத்திரத்தைக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் கூரையோடு எரிப்போம் என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் ஆற்றுப் பக்கமாகச் சுற்றி, கீரை பறிக்கிறவள் போலக் குனிந்துபோய்ப் பின்வாசலில் நுழைந்தாள்.

மார்சல் சாமி தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கத் தெம்பில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மன்னிப்புக் குடுத்தேன்மா. அந்த மனுசனுக்கு நான்..."

"அத நீங்களும் உங்க சாமியும் பாத்துக்குங்க," என்றாள் நெகாவால். "காகிதம் எங்க?"

அவர் அங்கிக்குள்ளிருந்து எடுத்தார். மலைக்கு அப்பால் தலைநகரில் அரசரின் நீதிபதிகள் இருக்கிறார்கள், நாங்கள் நாளைக்குக் கிளம்புவதாக ஊர்ச்சபைக்குச் சொல்லிவிட்டோம், அதனால் இன்று தீ வைக்கமாட்டார்கள், ஆனால் வழியில் எங்களைச் சோதிப்பார்கள் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் காகிதத்தை நான்காக மடித்துச் சோளத் தோகையில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிவிட்டாள்.

"நீங்களும் வரணும்," என்றார் அவர். "காகிதம் பேசாது. எந்தப் போருன்னு நீதிபதி கேட்டா, நீங்கதான் சொல்லணும்." பிறகு நிறுத்தினார். "வர்றீங்களான்னு கேக்குறேன். கட்டாயம் இல்ல."

கீழ்நாட்டுக்கு ஒரு பாதை, தலைநகருக்கு ஒரு பாதை. இரண்டும் சாந்த மார்த்தாவின் கல் சிலுவையிடம் பிரிகின்றன. மறுநாள் காலையில் ஒரு கஸ்தில்காரரும் வழியனுப்ப வராமல் மூன்று சாமியார்களும் அந்தச் சிலுவையைக் கடந்தபோது, கீரைக்கூடை சுமக்கும் பெண்கள் கூட்டத்தோடு நெகாவாலும் கன்னத்தை மறைத்து முக்காடு போட்டு வந்தாள். கீழ்நாட்டுப் பாதையில் கழுதைச் சாணம் இன்னும் காயாமல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். ஷோக்கோ அவள் தோளில் கை வைத்துத் தள்ளினாள். "அங்க போனா ரெண்டு பேரும் கயித்துல இருப்பீங்க. போ."

ஊர் எல்லையில் நூன்யோவின் ஆட்கள் சாமியார்களின் அங்கியைக் கழற்றித் தேடினார்கள். ஜெபப் புத்தகத்தை ஏடு ஏடாகக் கிழித்துப் பார்த்தார்கள். கீரைக்காரிகளை யாரும் தேடவில்லை.

இருபத்திரண்டு நாள் நடை. சாமியார்களில் வயதானவர் ஒன்பதாம் நாள் கணவாயில் இறந்துபோனார். கல்லை அடுக்கி மூடிவிட்டு நடந்தார்கள். மலைப்பாதையில் பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் புதருக்குள் முகம் குப்புறக் கிடந்தார்கள். யாராக இருந்தார்களோ, கடந்து போய்விட்டார்கள்.

தலைநகரில் நான்கு மாதம் காத்திருந்தபின் நீதிபதி அவளைக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட, சளி பிடித்த ஒரு மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"எந்தப் போரில் உன்னைப் பிடித்தார்கள்?"

"போரே இல்லைங்க. தேன் கொண்டுபோனோம்."

"எத்தனை பானை?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நடந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். இருபத்தாறாவது பெயர் அவள் தாயுடையது. எழுதிக்கொண்டிருந்தவன் மை தொடாமல் நிறுத்திவிட்டான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுது," என்றார்.

பதினொரு பேரும் சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் அவர்களில் தெய்கூவைத் தவிர இன்னும் நான்கு பேர் எங்கோ விற்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் கிடைக்கவில்லை. தெய்கூவைத் தேடிக் கீழ்நாட்டுக்கு நீதிமன்றச் சேவகன் ஒருவன் போனான். அவன் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று.

மழை கொட்டிய ஒரு பிற்பகலில், தலைநகரில் நெகாவால் குடியிருந்த வீட்டுக்குக் கழுதைமேல் உட்கார்ந்து வந்த பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இறங்கி வந்தபோது நடை மாறியிருந்தது, முடி உதிர்ந்திருந்தது. நெற்றியில் புதிதாக ஒரு சூடு, ஒற்றை எழுத்து அல்ல, யாரோ ஒருவனின் முழுப் பெயர். கண்கள் மட்டும் அதே சாம்பல்.

"சாப்பிட ஏதாவது இருக்காம்மா?" என்றாள் தெய்கூ.

அவள் ஒன்பது அடை தின்றாள். பிறகு மூன்று நாள் தூங்கினாள். கீழ்நாட்டில் நடந்ததை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நெகாவால் கேட்கவும் இல்லை. தறி ஒன்று வாங்கி ஜன்னலோரம் போட்டாள். இரண்டு மாதம் அது சும்மா கிடந்தது. ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பியபோது உள்ளே தறி அடிக்கும் சத்தம் கேட்டது. நெகாவால் உள்ளே போகாமல், சத்தம் நிற்கும்வரை தெருவிலேயே கூடையோடு நின்றாள்.

மார்சல் சாமி அடுத்த தவக்காலத்துக்குச் சாந்த மார்த்தாவுக்கே திரும்பிப் போனார். போகாதீர்கள் என்று நெகாவால் வெளிப்படையாகச் சொன்னாள். "அங்க கிழவன் இன்னும் உசிரோட இருக்கான் சாமி. ஒங்களுக்காகத்தான் காத்திருப்பான்."

"எனக்கும் அவரோட ஒரு வேலை பாக்கி இருக்கும்மா," என்றார் அவர். "தப்பான எடத்துல மன்னிப்புக் குடுத்துட்டேன். அதச் சொல்லணும்."

அவர் அந்த ஊர்க் கோவிலில் ஒரே ஒரு பிரசங்கம் செய்தார் என்று ஷோக்கோ ஆளனுப்பிச் சொன்னாள். அதற்கு மூன்றாம் நாள் ஆற்றுத் துறையில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். வழுக்கி விழுந்ததாக ஊர்ச்சபை எழுதிக்கொண்டது. முழங்கால் ஆழத் தண்ணீர் அது. லோப்பே அரியாசா இன்னும் ஆறு வருஷம் இருந்தார். கடைசியில் படுத்தபோது, மலை முழுதும் தேடியும் அவர் வீட்டுக்கு வர ஒரு குருவும் கிடைக்கவில்லை.

மார்சல் சாமியின் செய்தி வந்த அன்று நெகாவால் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் மூட்டினாள். அந்த வாரம் கீழ்நாட்டிலிருந்து தப்பி வந்த மூன்று பேர், நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர் கன்னத்திலும் அதே எழுத்து. சொல்லிவிட்டு எங்கே போய்ப் படுப்போம் என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். அவர்களை யாரோ பின்தொடர்ந்து வந்திருந்தார்கள். தெருமுனையில் இரண்டு குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. நெகாவால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தெய்கூ தறியிலிருந்து எழுந்து வந்து, தறிப் பலகையை எடுத்துக் கதவுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்தாள்.

"சரி, உக்காருங்க," என்றாள் நெகாவால் வந்தவர்களிடம். "மொதல்ல ஒங்க ஊரு பேரச் சொல்லுங்க. அப்பறம் ஒங்களோட யாரு யாரு இருந்தாங்கன்னு ஒவ்வொரு பேரா."